சத்துணவுக்கு உள்ளூர்க் காய்கறி

தக்காளி விலை சரியும்போது, பறிகூலிக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் விவசாயிகள் பலர். அதே ஊர்ச் சத்துணவு மையத்துக்கு வேண்டிய காயோ, பல இடங்களில் நகரத்து மொத்தச் சந்தைக்குப் போய், தரகும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் சேர்ந்து, வாடிய நிலையில் கடை வழியாகத் திரும்பி வருகிறது. விளைவிப்பவருக்கும் நட்டம், உண்ணும் குழந்தைக்கும் நட்டம்.

1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகத் தொடங்கி, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த திட்டத்தில் இன்று ஏறத்தாழ 43 ஆயிரம் பள்ளி மையங்கள் உள்ளன. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாக வருகின்றன. காய்கறியை மட்டும் அமைப்பாளரே உள்ளூரில் வாங்கிக்கொள்ளப் பணம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, உள்ளூர் விவசாயிக்குக் கதவு அடைக்கப்படவில்லை.

எவ்வளவு தேவை?

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம் காய்கறி என்பது மத்திய அரசு வகுத்த அளவு. 100 சிறு குழந்தைகள் உண்ணும் மையத்துக்கு நாளைக்கு 5 கிலோ வேண்டும். ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று கொண்டாலும் 1 டன். பத்து மையங்கள் சேர்ந்தால் 10 டன். பெரிய வியாபாரமல்ல, ஆனால் நிலையான வியாபாரம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் சாம்பாருக்கும் காய் தேவைப்படுகிறது.

தனி ஆளால் ஆகாது

அமைப்பாளர் கடையை நாடுவதில் நியாயம் உண்டு. கடையில் எல்லாக் காயும் ஒரே இடத்தில் கிடைக்கும்; கடனும் கிடைக்கும். ஒரு விவசாயியிடம் கத்தரி மட்டும் இருக்கும். அதுவும் இரண்டு மாதங்களே இருக்கும். எனவே பத்துப் பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, கத்தரி, வெண்டை, பூசணி, முருங்கை, கீரை என்று பயிரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிறுகீரை சுமார் 25 நாளில் அறுவடைக்கு வரும். வாரம் ஒரு பாத்தி வீதம் விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். முற்றிய பூசணியை இருப்பு வைத்துக் கொடுக்கலாம். தைப்பட்டத்துக் காய்ப்பு மே மாத விடுமுறையில் விழும். அதற்கு உழவர் சந்தையை முன்கூட்டியே நினைத்துப் பரப்பைத் திட்டமிட வேண்டும்.

மருந்து தெளித்த காயை, காத்திருப்பு நாட்கள் முடியுமுன் பறித்து அனுப்பக் கூடாது. உண்பது குழந்தைகள், அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அரசு செய்ய வேண்டியது

பிரேசில் நாடு 2009-ல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே பொருள் வாங்க வேண்டும் என்றது. மலிவாகக் கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற டெண்டர் முறையை அதற்குத் தளர்த்தி, சந்தை நிலவரத்தை விசாரித்து விலையை முன்னதாகவே அறிவிக்க வழி செய்தது. உள்ளூர் விவசாயிகளுக்கு முன்னுரிமையும் தந்தது.

தமிழ்நாட்டிலும் இது இயலாததல்ல. 1999 முதல் நடக்கும் உழவர் சந்தைகளில் நாள்தோறும் பலகையில் விலை எழுதப்படுகிறது. அதையே அடிப்படையாகக் கொள்ளலாம். 2017-18 முதல் அமைக்கப்பட்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களை அருகிலுள்ள மையங்களோடு இணைக்கலாம். வாரந்தோறும் பணம் பட்டுவாடா ஆவது முக்கியம். சிறு விவசாயியால் கடன் கொடுத்துக் காத்திருக்க முடியாது. குழந்தை ஒன்றுக்கு ஒதுக்கும் காய்கறிச் செலவும் விலைவாசியை ஒட்டி உயர வேண்டும். இல்லையேல் அந்தச் சுமை விவசாயியின் தலையில்தான் விழும்.

இது தானமல்ல, சலுகையுமல்ல. அரசு ஏற்கெனவே செலவிடும் பணம் கிராமத்திலேயே தங்குவதற்கான வழி. வரும் ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்குமுன் குழுவாகச் சேர்ந்து, அருகிலுள்ள மையத்தின் தேவையைக் கேட்டறிவது விவசாயிகளின் முதல் வேலையாகட்டும்.