கடித்தது எந்தப் பாம்பு?

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் போதும், அதுவரை வாயே திறக்காத மனிதர்கூட நிபுணராகிவிடுவார். "தலை முக்கோணமா இருந்தாத்தாங்க விஷம்" என்பார் ஒருவர். "ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கா பாருங்க" என்பார் இன்னொருவர். இந்த இரண்டையுமே நான் நம்பத் தயாரில்லை. காரணம், கட்டுவிரியன்.

அதன் தலை முக்கோணமாக இருக்காது. பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. பல் பதிந்த இடம்கூடப் பல நேரங்களில் தெரியாது. விடியற்காலையில் "வயித்தை வலிக்குது" என்று எழுந்திருப்பார். நாம் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். அதற்குள் கண் இமைகள் தாமாக இறங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சே திணறும்.

இதைப் போலவே உடம்பில் வெள்ளை வரிகளோடு ஓர் அப்பாவியும் வீட்டுக்குள் வரும். வெள்ளிக்கோல் வரையன் என்று பெயர். அதற்கு வரிகள் கழுத்தருகிலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, வால் பக்கம் பளிச்சென்று இருக்கும். படிக்கச் சுலபம்தான். கரண்ட் போன ராத்திரியில், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

சரி, கண்டுபிடித்துத்தான் என்ன ஆகப்போகிறது? நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒன்றேதான். அதையும் விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் போடுவார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார் டாக்டர். உறையாவிட்டால் விரியன் விஷம் என்று சந்தேகிப்பார். இமை சரிந்தால் நரம்பைத் தாக்கும் விஷம். இதற்குப் பாம்பு எதற்கு? அதை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும், தெரியுமோ?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே ஆராய்ச்சி வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, 108-க்கு போன் செய்யுங்கள். கடித்தது வெள்ளிக்கோல் வரையனாகவே இருக்கட்டும். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்?

தரையில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் உள்ளே வர வழியிருக்காது.