திடலைக் கொடுங்கள், பிறகு தொலைபேசியைப் பறியுங்கள்!

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெளியே இறங்குவதில்லை, எந்நேரமும் கைத்தொலைபேசிதான்!" இந்தப் புலம்பல் ரொறன்ரோவிலும் கேட்கிறது, இலண்டனிலும் கேட்கிறது, வன்னியிலும் கேட்கிறது. மற்ற ஊர்கள் இருக்கட்டும். புளியங்குளத்தில் நின்று இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி?

ஏ-9 வீதியிலிருந்து நெடுங்கேணிப் பாதை பிரியும் இந்தச் சந்தி, 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கையில் மாதக்கணக்கில் போர்முனையாகக் கிடந்தது. சண்டையிட்டவர்கள் நகர்ந்தார்கள், மிதிவெடிகள் நகரவில்லை. பற்றைக்குள் போகாதே, பாதையை விட்டு இறங்காதே, கிடப்பதை எடுக்காதே என்பதே வன்னியில் ஒரு தலைமுறைக்கு நாம் புகட்டிய பாடம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் விழுந்த கிட்டிப்புள்ளை எந்தப் பிள்ளை தேடிப் போகும்?

2009இல் போர் முடிந்தது. மண்ணைத் தோண்டி வெடி அகற்றினார்கள். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை ரயிலும் ஓடியது. மீண்ட மண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்தோமா? இல்லை. மாலைப் பொழுதைத் தனியார் வகுப்புகளுக்குக் கொடுத்தோம். பத்து வயதுப் பிள்ளையைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் வாங்கிலில் இருத்தினோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது, பாடம் படிக்கவென்று தொலைபேசியைக் கையில் திணித்தவர்களும் நாம்தான். இன்று அதே பிள்ளையை "அடிமையாகிவிட்டான்" என்கிறோம்!

விளையாடுவது சிறுவரின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க ஆடி ஓட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் பிள்ளையின் நேரசூசியில் அந்த 60 நிமிடம் எங்கே?

அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடை செய்திருக்கிறது. சட்டம் திரையை மூடலாம், திடலைத் திறக்காது.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைதானே ஏணி?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஏணியைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் கிளித்தட்டைத் தனியே ஆட முடியாது. ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசியைப் பறித்தால், அந்தப் பிள்ளை வெறும் வளவில் ஒற்றையாய் நிற்கும்; எதிரணி முழுவதும் வகுப்பில் இருக்கும்! ஆகவே இது வீட்டுக்கு வீடு தீர்க்கும் காரியமன்று. ஊர் கூடி எடுக்கவேண்டிய முடிவு.

நான் கேட்பது மூன்று. மாலை நாலரை முதல் ஆறு மணி வரை ஊரில் எந்த வகுப்பும் வேண்டாம். பாடசாலை மைதானப் படலை அந்நேரம் திறந்திருக்கட்டும். திறன்பலகை வாங்கப் பணம் திரட்டும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்கள், ஒருமுறையாவது மைதானத்துக்கு நிழலும் குடிநீரும் அமைக்கத் திரட்டட்டும்.

இவற்றைச் செய்துவிட்டுப் பிள்ளையைத் திட்டுங்கள். அதுவரை குற்றவாளி தொலைபேசியன்று, நாம்!