கொட்டும் மழை... நள்ளிரவுக் குதிரைச் சவாரி... ஒரு ராஜ வம்சமே முடிந்துபோன கதை!

1286, மார்ச் 19. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் மந்திராலோசனை முடிந்து தடபுடலாக விருந்து நடந்தது. வெளியே பேய்க்காற்று. சாப்பிட்டு முடித்த மன்னர் மூன்றாம் அலெக்சாண்டர், கடற்கழியைத் தாண்டி கிங்ஹார்னுக்குப் போயே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். காரணம், அங்கே அவருடைய மனைவி யோலண்ட் இருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இந்த நேரத்தில் படகு எடுப்பது ஆபத்து என்று படகுக்காரர் எச்சரித்ததாக அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. மன்னர் கேட்கவில்லை. அக்கரைக்குப் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார். இரவு இங்கேயே தங்குங்கள் என்று அங்கேயும் கெஞ்சியிருக்கிறார்கள். அதையும் கேட்கவில்லை. கடற்கரையோர இருட்டுப் பாதையில் கூட வந்தவர்களிடமிருந்து எப்படியோ பிரிந்துவிட்டார். மறுநாள் காலை, கழுத்து முறிந்த நிலையில் அவருடைய உடல்தான் கிடைத்தது. அப்போது வயது 44.

ஒரு விபத்து, ஒரு மரணம். இதில் ஒரு நாடே ஏன் ஆடிப்போக வேண்டும்? அதற்கு அவருடைய குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா இரண்டாம் அலெக்சாண்டர் 1249-ல் இறந்தபோது இவருக்கு ஏழே வயது. ஸ்கோன் என்ற ஊரில்தான் பட்டம் கட்டினார்கள். அந்தச் சடங்கில் மலைநாட்டுக் கவிராயர் ஒருவர் முன்னால் வந்து, சிறுவனின் அப்பா, தாத்தா, பாட்டன், முப்பாட்டன் என்று வம்சாவளி முழுவதையும் கேலிக் மொழியில் கடகடவென ஒப்பித்தாராம். 'நீ இன்னாருடைய பிள்ளை' என்பதுதான் அங்கே ராஜாவாவதற்கான முதல் தகுதி!

பத்து வயதில் கல்யாணம். மணப்பெண் மார்கரெட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் மகள். 1251 கிறிஸ்துமஸ் சமயத்தில் யார்க் நகரில் திருமணம். அங்கேயே மாமனார் ஒரு கொக்கி போட்டார். ஸ்காட்லாந்துக்கும் சேர்த்து எனக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய் என்றார். நான் வந்தது கல்யாணத்துக்கு, இதையெல்லாம் என் மந்திரிகளிடம் கேட்காமல் பேச முடியாது என்கிற தொனியில் பதில் சொல்லி நழுவிவிட்டான் மாப்பிள்ளைப் பையன். கில்லாடிதான்!

வளர்ந்த பிறகும் கெட்டிக்காரராகவே இருந்தார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் அப்போது நார்வேயின் கையில் இருந்தன. அவற்றைக் காப்பாற்றிக்கொள்ள நார்வே மன்னர் ஹாகோன் 1263-ல் பெரிய கப்பற்படையுடன் வந்தார். லார்க்ஸ் கடற்கரையில் மோதல். முழு வெற்றி யாருக்கும் இல்லை. ஆனால் புயலில் படை சிதற, திரும்பும் வழியில் ஓர்க்னி தீவில் ஹாகோன் காலமானார். அடுத்த மாதமே அலெக்சாண்டருக்கு ஆண் வாரிசு பிறந்தது. 1266-ல் பெர்த் ஒப்பந்தம். 4,000 மார்க் பணமும் வருடத்துக்கு 100 மார்க்கும் தருவதாகப் பேசி, தீவுகளை ஸ்காட்லாந்தோடு சேர்த்துக்கொண்டார். பகையை முடித்துவைக்க 1281-ல் தன் மகள் மார்கரெட்டை ஹாகோனின் பேரன் எரிக்குக்கே கட்டிக்கொடுத்தார். பெண்ணுக்கு 20 வயது. மாப்பிள்ளைக்கு 13 என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது!

இரண்டு மகன்கள், ஒரு மகள். 1275-ல் மனைவி இறந்துவிட்டாலும், வாரிசுக்குக் குறைவில்லை என்ற தைரியத்தில் அவர் அவசரமாக மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பிறகுதான் இடி மேல் இடி. 1281-ல் இளைய மகன் டேவிட் இறந்தான். எட்டு வயதுப் பையன். 1283-ல் நார்வேயில் மகள் மார்கரெட் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுக் கண்மூடினார். 1284 ஜனவரியில் பட்டத்து இளவரசன் அலெக்சாண்டரும் போய்விட்டான். அவனுக்கு 20 வயது, திருமணமாகியும் குழந்தை இல்லை. மூன்றே ஆண்டுகளில் பெற்ற மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தார் அந்தத் தகப்பன்.

மிச்சம் இருந்த ஒரே ரத்தம், நார்வேயில் தொட்டிலில் கிடந்த பேத்தி. அவள் பெயரும் மார்கரெட். அவளையே வாரிசாக ஏற்க 1284 பிப்ரவரியில் பிரபுக்களைச் சம்மதிக்க வைத்தார். ஆனாலும் மனசு கேட்குமா? ஆண் வாரிசுக்காக 1285-ல் பிரான்ஸைச் சேர்ந்த யோலண்டைத் திருமணம் செய்தார். இப்போது புரிகிறதா, அந்தப் புயல் இரவின் அவசரம்?

மன்னர் இறந்தபோது யோலண்ட் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லப்பட்டது. நாடே காத்திருந்தது. வாரிசு பிறக்கவில்லை. ஆறு பேர் கொண்ட காப்பாளர் குழு நாட்டை நடத்த, எல்லோர் கண்ணும் நார்வே பேத்தி மேல் திரும்பியது.

அப்போதைய இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், அலெக்சாண்டரின் மச்சான். குழந்தைக்குப் பாட்டியின் அண்ணன். அவர் தன் மகனுக்கே பெண் கேட்டார். 1290-ல் பேச்சுவார்த்தை முடிந்து, ஏழு வயதுக் குழந்தை கப்பல் ஏறினாள். ஸ்காட்லாந்து மண்ணை அவள் பார்க்கவே இல்லை. வழியில், கொள்ளுத்தாத்தா ஹாகோன் இறந்த அதே ஓர்க்னியில் அவளும் இறந்துபோனாள். உடலை நார்வேக்கே திருப்பி எடுத்துப்போய், பெர்கன் நகரில் அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதோடு ஆரம்பித்தது ரகளை. 'நான்தான் வாரிசு' என்று 13 பேர் கிளம்பினார்கள். ஆளாளுக்கு ஒரு வம்சாவளி! அலெக்சாண்டருடைய தாத்தாவின் தம்பி வழியில் வந்த ஜான் பேலியலும் ராபர்ட் புரூஸும்தான் அதில் முக்கியமானவர்கள். பேலியல் மூத்த மகள் வழி, புரூஸ் இரண்டாவது மகள் வழி. பஞ்சாயத்துக்கு வந்தவர் யார்? அதே எட்வர்ட். ஸ்காட்லாந்துக்கு நானே மேலதிகாரி என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகே தீர்ப்பு சொன்னார். அப்பா யார்க்கில் கேட்டுக் கிடைக்காததை மகன் வாங்கிவிட்டார்.

1292-ல் பேலியல் மன்னரானார். நாலே வருடத்தில் எட்வர்டின் படை உள்ளே புகுந்தது. ஸ்கோனில் மன்னர்களுக்குப் பட்டம் கட்டும் புனிதக் கல்லையும் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது 1996-ல்தான். 'பிரேவ்ஹார்ட்' படத்தில் வில்லியம் வாலஸ் சண்டை போடுவாரே, அது இந்தப் போரில்தான். வழக்கில் தோற்ற புரூஸின் அதே பெயருள்ள பேரன் 1306-ல் மன்னரானது தனிக்கதை.

யோலண்ட் பிறகு பிரிட்டனி பிரபு குடும்பத்தில் மறுமணம் செய்துகொண்டார். அலெக்சாண்டர் டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில் உறங்குகிறார். அவர் விழுந்த கிங்ஹார்ன் கடற்கரைச் சாலையோரம், 19-ம் நூற்றாண்டில் நட்ட கல் சிலுவை ஒன்று கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது.