ரவுட்டர் வாங்கும்போது மெமரியைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் கூடவே வாங்கும் ரவுட்டருக்கு விலையையும் வேகத்தையும் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. ரவுட்டரும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அதற்குள்ளும் பிராசசர், ராம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதில் பிளாஷ் மெமரி இருக்கும். ரவுட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மெமரி அளவுதான் என்பது என் கருத்து.

லிங்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரில் 4 எம்.பி. பிளாஷ், 16 எம்.பி. ராம் இருந்தன. அதில் லினக்ஸ் இயங்கியது. 2003ல் அதன் சோர்ஸ் கோட் வெளியானது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004ல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் இலவச சிஸ்டம் உருவானது. 2005ல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் பிளாஷை 2 எம்.பி. ஆகவும், ராமை 8 எம்.பி. ஆகவும் பாதியாக வெட்டியது. லினக்ஸை எடுத்துவிட்டு, குறைந்த இடத்தில் அடங்கும் விஎக்ஸ்வொர்க்ஸ் சிஸ்டத்தை வைத்தது. லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்குப் பழைய அளவு மெமரியுடன் தனி மாடலாக டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் விற்கப்பட்டது.

4 எம்.பி.யில் முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படி அடங்குகிறது? லினக்ஸின் நூற்றுக்கணக்கான கட்டளைகளை பிஸிபாக்ஸ் என்ற ஒரே புரோகிராமில் அடக்குகிறார்கள். பைல்களை ஸ்குவாஷ்எப்எஸ் முறையில் சுருக்கி வைக்கிறார்கள். மீதமிருக்கும் இடத்தில்தான் உங்கள் பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் பதியும். அந்த இடம் தீர்ந்துவிட்டால் நீங்கள் செய்த மாற்றங்கள் ரவுட்டரில் நிற்காது. அப்டேட் செய்யும்போது புதிய பைல் முதலில் ராமில்தான் வைக்கப்படும். ராம் குறைந்தால் அப்டேட்டே நடக்காது.

சுருக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. லினக்ஸ் கெர்னல் ஆண்டுதோறும் பெருக்கிறது. 4 எம்.பி. பிளாஷ், 32 எம்.பி. ராம் உள்ள ரவுட்டர்களுக்கு ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. தந்த கடைசி வரிசை 19.07. அதன் இறுதி வெளியீடு 2022ல் வந்தது. 2021 செப்டம்பரில் வந்த 21.02க்கு குறைந்தது 8 எம்.பி. பிளாஷும் 64 எம்.பி. ராமும் வேண்டும். பரவலாக விற்ற டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடலின் பல பதிப்புகள் இப்படித்தான் பின்தங்கின.

"சாப்ட்வேர் எழுதுபவர்கள் சிக்கனமாக எழுதக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன். தேவையற்ற கொழுப்பு சேர்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இங்கே வளர்ந்ததில் பெரும்பகுதி தேவையானது. வை-பை இணைப்பிற்கு வலுவான பாதுகாப்பு தரும் டபிள்யூபிஏ3, ஐபிவி6 போன்றவை இடம் கேட்கின்றன. இவற்றை வெட்டி எறிந்து இடம் பிடிப்பது, வீடு சிறியது என்று கதவைக் கழற்றி வைப்பது போன்றது.

இதை வெறும் வசதிக் குறைவாக எண்ண வேண்டாம். 2018ல் விபிஎன்பில்டர் என்ற வைரஸ் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் ஸ்டோரேஜ் சாதனங்களையும் தாக்கியது கண்டறியப்பட்டது. அப்டேட் பெற முடியாத ரவுட்டர், வெளியே ஒழுங்காக விளக்கு எரிந்தாலும், உள்ளே பூட்டில்லாத வீடுதான். மெமரியில் மிச்சம் பிடிப்பது நிறுவனம். சில ஆண்டுகளில் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது நாம்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்பு அப்டேட் எத்தனை காலம் தரப்படும் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தாக வேண்டும். இது நல்ல தொடக்கம். மெமரி அளவையும் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பேன்.

அதுவரை நீங்களே கேளுங்கள். பிளாஷ் எவ்வளவு? ராம் எவ்வளவு? அப்டேட் எந்த ஆண்டு வரை? ஒரே மாடலிலும் பதிப்புக்குப் பதிப்பு மெமரி மாறும் என்பதால், ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணையும் பாருங்கள். 16 எம்.பி. பிளாஷ், 128 எம்.பி. ராமுக்குக் குறைந்தது எதையும் இன்று வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை.