சிங்கப்பூர் பக்கம்! வெள்ளிமலை தூரம்!

சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் சிங்கப்பூருக்கு 4 மணி நேரம். தூரம் சுமார் 2 ஆயிரத்து 900 கிலோ மீட்டர். டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம். சாப்பிட்ட தட்டை எடுத்துப் போவதற்குள் 'பெல்ட்டைப் போடுங்க, இறங்கப் போறோம்' என்கிறார்கள்!

சேலத்துக்காரர்களுக்கும் யோகம்தான். 2021-ல் நின்றுபோன சென்னை விமானம் 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. காமலாபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்னை.

பறக்கட்டும். சந்தோஷம். நாம் கேட்பது கல்வராயன் மலைக் கணக்கு.

கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலை சுமார் 40 கிலோ மீட்டர். ஜெட் விமானத்துக்கு அது 3 நிமிஷப் பாடு. பஸ்சுக்கோ, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறிச் சேர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

வெள்ளிமலையாவது தாலுகா தலைநகரம். அதற்கும் உள்ளே கிடக்கிற குக்கிராமங்கள்? அங்கே கிலோ மீட்டர் செல்லாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால், 'விடியக் கிளம்பினா வெயில் ஏறப் போயிடலாம்' என்றுதான் பதில் வரும். சந்தைக்குப் போகிறவனுக்கு அந்தக் கணக்கு சரி. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு? பாம்பு கடித்த பையனுக்கு? டோலி கட்டித் தூக்கி வருகிற படம் பேப்பரில் எத்தனை முறை வந்தாச்சு! 108 வண்டி 2008-லேயே வந்துவிட்டது. கூப்பிட்டால் வரும், ரோடு இருந்தால்!

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். எதற்கெடுத்தாலும் விழுப்புரத்துக்கு அலைந்த காலம் 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதோடு போயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். ஆனால் 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தபோது, டவுன்காரர்களையே சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. மலைக்காரன் கதி என்ன?

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் மலை மக்கள் நிலைமை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்தது. சாராய ஊறல் பிடிக்க மட்டும் மலை ஏறினால் போதுமா?

ரோடு கேட்டால் 'வனத்துறை இடம்' என்று பதில் வருகிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ரோட்டுக்கு வன நிலம் தர அதிலேயே வழி இருக்கிறது. மரமும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்.

கலெக்டர் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு குக்கிராமத்தில் இருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஆள் விட்டு நடக்கச் சொல்லி எழுதட்டும். மழைக்கால நேரம் தனியாக. எந்த ஊருக்கு நேரம் அதிகமோ அந்த ஊருக்கு முதல் ரோடு. அதுவரை, நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் வெள்ளிமலையிலேயே தங்க இடம் வேண்டும், துணைக்கு வருகிற ஆளுக்கும் சேர்த்துச் சாப்பாட்டோடு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதையாவது செய்வார்களா?