தரகுக் கூலி உண்டு; தரகர் இல்லை

பழைய பொருளை விற்பதும் வாங்குவதும் இழிவான செயல் அன்று. ஒருவர் வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் தையல் இயந்திரம் மற்றொரு வீட்டில் அடுப்பெரியக் காரணமாகலாம். புதியது வாங்க வசதியற்ற மாணவனுக்குப் பழைய மடிக்கணினி கல்வியின் வாயிலைத் திறக்கலாம். ஆகவே நாம் வழக்காடப் புகுவது பழம்பொருள் வாணிபத்தோடு அன்று. அவ்வாணிபம் இணையத்தில் குடியேறிய பின்னர் அதன் நடுவே வந்து அமர்ந்துகொண்ட பொறுப்பின்மையோடுதான் நமக்கு வழக்கு.

“தரகர் ஒழிந்தார், உடையவரும் வேண்டுபவரும் நேருக்கு நேர் சந்திக்கின்றனர்” என்று இணையச் சந்தையைப் போற்றுவோர் பலர். தரகர் உண்மையிலேயே ஒழிந்தாரா? தரகுக் கூலி ஒழியவில்லையே! விளம்பரத்தை முன்வரிசையில் நிறுத்துவதற்குக் கட்டணம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விளம்பரம் செய்தால் கட்டணம் என்று வேறு பெயர்களில் அது வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒழிந்தது தரகரின் பொறுப்பு மட்டுமே. இதுவே நம் குற்றச்சாட்டு.

இவ்வாணிபத்தின் தொடக்கத்தை இங்கே நினைவு கூர்தல் தகும். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் என்பார் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. அதில் முதன்முதலாக விலைபோனதாகச் சொல்லப்படுவது, சொற்பொழிவாளர்கள் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் லேசர் விளக்கு ஒன்று. அது பழுதுபட்டது, பழுதுபட்டது என்று அறிவித்தே 14 டாலர் 83 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. பழுதை அறிந்துதான் கேட்கிறீரா என்று வினவியபோது, பழுதானவற்றைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் விடை கூறினாராம். நகைப்புக்கு இடமான செய்திதான். எனினும் அதனுள் ஓர் அறம் உண்டு. குறை மறைக்கப்படவில்லை, வாங்கியவர் அறிந்தே வாங்கினார். இன்றைய சந்தை இழந்து நிற்பது இவ்விரண்டையுமே.

முகமறியாதவரை நம்புவது எப்படி என்ற வினாவுக்கு அத்தளத்தார் 1996இல் ஒரு விடை கண்டனர். விற்றவரைப் பற்றி வாங்கியவரும், வாங்கியவரைப் பற்றி விற்றவரும் நற்சான்றோ குறையோ எழுதி வைக்கலாம் என்றனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது யாருக்குப் பயன்படும்? நூறு பொருள் விற்பவருக்குப் பெயர் உண்டு. பெயர் கெடும் என்ற அச்சமும் உண்டு. வீட்டிலுள்ள ஒரே குளிர்பதனப் பெட்டியை விற்பவருக்கு முன்வரலாறு ஏது? நேற்று வாங்கிய சிம் அட்டையோடு இன்று வந்து நாளை மறைகின்ற வஞ்சகனுக்கு இழப்பதற்குத்தான் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் பாஸி என்ற ஏலத்தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. 2006இல் உலகளவில் தோன்றிய ஓஎல்எக்ஸ், 2008இல் தொடங்கிய குவிக்கர் ஆகியவை வரிவிளம்பர முறையை இங்கே பரப்பின. இந்தியாவில் ஈபேயின் கடை 2018இல் மூடப்பட்டது. வரிவிளம்பர முறையில் ஒரு நன்மை இருந்ததை மறுக்க மாட்டோம். அதே ஊர்க்காரர் விற்பார். நேரில் சென்று, தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மனம் ஒப்பினால் பணம் கொடுத்து வாங்கலாம். 2016இல் யுபிஐ வந்த பின்னரோ பணம் மனிதரை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. பொருளைக் காணுமுன்னரே முன்பணம் கேட்கப்படுகிறது. இராணுவ வீரர் என்று பொய்யுரைத்து, இடமாற்றத்தால் மலிவாக விற்பதாகக் கூறி முன்பணம் பறிப்போர் உளர். ஏமாற்றுபவன் வாங்குபவனாகவும் வருகிறான். பழைய கட்டிலை விற்க முனைந்த முதியவருக்கு, “இந்தக் கட்டப் படத்தைக் கைபேசியில் காட்டுங்கள், பணம் வந்து சேரும்” என்று செய்தி அனுப்புகிறான். இரகசிய எண்ணை அழுத்துவது பணம் கொடுப்பதற்கே அன்றிப் பெறுவதற்கு அன்று என்பதை அறியாத அவர், விற்கப்போய்த் தம் சேமிப்பை இழக்கிறார்.

“பழைய சந்தைகளில் மட்டும் வஞ்சகம் இல்லையா?” என்று கேட்பர். இருந்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரை, பழைய புத்தகம் முதல் பழைய கடிகாரம் வரை எல்லாம் கிடைத்த இடம். அங்கே பேரம் பேசத் தெரியாதவர் பணத்தை இழந்ததும் உண்டு. ஆயினும் பொருள் வாங்குபவரின் கையில் இருந்தது. விற்றவர் மறுநாளும் அதே இடத்தில் அமர்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப்பேட்டையில் பழைய வண்டியின் உதிரிப்பாகம் வாங்கியவர், அது பொருந்தாவிடில் யாரிடம் சென்று சண்டையிடுவது என்பதையாவது அறிவார். இணையத்தில் ஏமாந்தவர் யாரிடம் சண்டையிடுவார்? அணைத்து வைக்கப்பட்ட ஓர் எண்ணிடமா?

காணாத பொருளின் விற்பனை குறித்து நம் ஃபிக்ஹு நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கண்ணால் காணாத பொருளின் விற்பனை செல்லாது. ஹனஃபீ மத்ஹபு அதனைச் செல்லும் என்கிறது. ஆயினும் கண்ட பிறகு வேண்டாம் என விலகும் உரிமையை வாங்கியவருக்கு அளிக்கிறது. இவ்வுரிமைக்குக் கியாருர் ருஃயா என்று பெயர். வாங்கும்போது அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை கியாருல் ஐபு எனப்படும். இதனை இரு மத்ஹபினரும் ஏற்பர். “எக்குறைக்கும் நான் பொறுப்பல்லேன்” என்று சொல்லி விற்பதை ஹனஃபீ அறிஞர் ஒப்புவர். ஷாஃபிஈ அறிஞரோ, கால்நடைகளில் விற்பவர் தாமும் அறியாத உட்குறையைத் தவிர வேறெதற்கும் அச்சொல் விடுதலை தராது என்பர். அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் நான்கு நிழற்படங்கள் பொருளைக் கண்டதற்கு ஈடாகுமா? பின்மூடிக்குள் உப்பிய மின்கலம் படத்தில் தெரியுமா? கருகிய மோட்டாரின் வாடை படத்தில் வீசுமா? கைபேசி திருட்டுப் பொருளா என்பதைப் படம் சொல்லுமா? படம் விற்பவர் காட்ட விரும்பியதை மட்டுமே காட்டும். பழம்பொருளில் நாம் அறிய வேண்டியதோ அவர் காட்ட விரும்பாதது.

இதன் கேடு ஏமாந்தவரோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவருக்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. குறையை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில், வாங்குபவர் எல்லாவற்றையும் ஐயுற்று விலையைக் குறைத்தே கேட்பார். அவ்விலைக்கு நல்ல பொருளை உடையவர் விற்க மறுத்து விலகுவார். முடிவில் எஞ்சுவது தீய பொருளே. வஞ்சகனுக்குரிய தண்டனையை நேர்மையாளர் அனுபவிக்கிறார் என்பதுதான் இதன் பொருள்.

சட்டம் துணை நிற்காதா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டைத் தன் 16ஆம் பிரிவில் தழுவியது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயன்ற காலத்து விதி அது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவில், உரிய கவனத்தோடு நடக்கும் இடைநிலையாளருக்குப் பிறர் இட்ட செய்திகளின் பொறுப்பிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளோ, தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் விற்கும் மனிதரைத் தம் வரம்புக்கு வெளியே வைத்துள்ளன. விற்பவர் விதிக்கு வெளியே. இடையே நிற்பவர் பாதுகாப்புக்கு உள்ளே. வாங்குபவர் மட்டும் தெருவிலே! இதை முன்னேற்றம் என்று எப்படி அழைப்பது?

“மலிவுக்கு ஆசைப்பட்டார், ஏமாந்தார்” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பழம்பொருள் தேடுவோர் பெரும்பாலும் புதியது வாங்க இயலாதவர். இயலாமைக்குப் பேராசை என்று பெயர் சூட்டுவது இரண்டாவது அநீதி.

நாம் கேட்பவை மூன்றே. விளம்பரப் படிவத்தில் குறைகளைக் கூறும் பகுதியைக் கட்டாயமாக்குக. “குறை இல்லை” என்று எழுதிப் பொய்த்தால் அவருக்கு அத்தளத்தில் மீண்டும் இடமளிக்காதீர். கைபேசி விளம்பரமாயின் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்த்த பின்னரே வெளியிடுக. 2023இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் எளிய வாசகரே இதனைச் செய்ய இயலும்போது, பெருநிறுவனங்களுக்கு இயலாதா? மூன்றாவதாக, இருவருக்கும் நடுவே நின்று கட்டணம் பெறுபவர், வாங்குபவர் பொருளைக் கண்டு ஒப்பும் வரை பணத்தைத் தம்மிடம் நிறுத்திவைத்துப் பின்னர் விற்றவரிடம் சேர்க்கட்டும்.

இவை நிறைவேறும் வரை அன்பர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். பகலில், பலர் நடமாடும் இடத்தில், பொருளை இயக்கிக் காணாமல் ஒரு காசும் தராதீர். மோசடி நேர்ந்தால் நாணி ஒளியாமல், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைப்பீர். விற்கும் முறை நமக்கு வரும்போது, பொருளின் சிறப்பைச் சொல்லுமுன் அதன் ஐபைச் சொல்லுவோம். விலை சற்றுக் குறையலாம், குறையட்டும். பொறுப்பை ஏற்காதவருக்குத் தரகுக் கூலி பெறும் தகுதி இல்லை என்று நிறுவனங்களை நோக்கிக் கூறும் உரிமை, தம் பொருளின் குறையைத் தாமே கூறி விற்பவருக்கே உண்டு.