ஸ்ட்ராப் போடாத ஹெல்மெட் வெறும் தொப்பிதான்

1/ ஷிப்ட் நேரத்துல ஓசூர் சிப்காட் ரோட்டைப் பாருங்க. தலையில ஹெல்மெட் இருக்கும், ஸ்ட்ராப் காத்துல ஆடும். அத்திப்பள்ளி பக்கம் போலீஸைப் பார்த்தா மட்டும் கை கிளிப்புக்குப் போகும்.

2/ உள்ளே நாள் முழுக்க டார்க் ரெஞ்ச் வெச்சு போல்ட் முறுக்குற ஆளு, வெளியே ஒரு கிளிப் பூட்ட மாட்டார்! கேட்டுல செக்யூரிட்டியும் ஹெல்மெட் இருக்கான்னுதான் பார்க்கிறார்.

3/ கீழே விழும்போது அது முதல்லயே கழன்று ஓடிடும். தலை அப்புறம்தான் தரையில மோதும். "ஹெல்மெட் போட்டிருந்தானே டாக்டர்?" என்று கேட்கும் அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

4/ இது என் சொந்தக் கருத்து இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவே, ஹெல்மெட்டை ஸ்ட்ராப்பால் தலையோடு இறுக்கிக் கட்டியிருக்கணும்னுதான் சொல்லுது.

5/ வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரை, ஐ.எஸ். 4151 எண் பாருங்க. ஸ்ட்ராப் போட்டு, பின்பக்கத்தைப் பிடிச்சு முன்னாடி தள்ளுங்க. கழன்று வந்தா அது உங்க சைஸ் இல்லை.

6/ ஒருமுறை பலமா அடிபட்டா மாத்திடுங்க. உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குது. நசுங்கினது திரும்ப எழாது. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீங்க. உடைஞ்ச கிளிப்புக்குப் பதிலா முடிச்சு போடாதீங்க.

7/ "ரெண்டு கிலோமீட்டர்தானே சார்"னு மட்டும் சொல்லாதீங்க. முதல்ல கிளிப் 'டக்'னு பூட்டணும். அப்புறம்தான் செல்ஃப்.